விசில் மண்டோரின் உதடு

சுங்கை மெராந்தி ரப்பர்த் தோட்டத்துக்கு வந்து சின்னையா வீடு எது என்று கேட்டால், எந்தச் சின்னையா என்று திருப்பிக் கேட்பார்கள். விசில் மண்டோர் என்றால் போதும், கைக்குழந்தைகூட வரிசை வீடுகளில் இரண்டாம் லயத்துக் கோடி வீட்டைக் காட்டிவிடும். பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து உள்ளே வரும் செம்மண் சாலையில், வயிறு ஒரு பக்கமும் கழுத்தில் தொங்கும் பித்தளை விசில் இன்னொரு பக்கமும் ஆட, ஒருவர் சைக்கிள் மிதித்து வந்தால் அவர்தான்.

அந்த விசில் எப்படி வந்தது என்று மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார துரை கொடுத்தது என்று தொடங்குவார். ஒரு நாள் சொல்லும்போது, காரில் ஏறப்போன துரை கண் கலங்கி, கழற்றிக் கையில் வைத்தார். இன்னொரு நாள், சிலாங்கூர் ஆற்றில் விழுந்த துரையின் நாயை இவர் நீந்திப் போய்த் தூக்கி வந்ததற்குக் கிடைத்த பரிசு அது. சின்னையாவுக்கு நீச்சல் தெரியாது. நாயும் ஒருமுறை கறுப்பாக இருக்கும், ஒருமுறை செவலையாக இருக்கும். கதை எப்படிப் போனாலும் விசில் நல்ல விசில். உள்ளே தக்கையில் செய்த சிறு உருண்டை ஒன்று உண்டு. ஊதினால் அது சுழன்று 'பிர்ர்ர்' என்று ஒரு சத்தம் எழும். விடியாத காலையில், ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அவர் ஊதினால், கடைசி லயத்தில் போர்வைக்குள் இருப்பவனும் எழுந்து பால் வாளியைத் தேடுவான்.

வாரத்தில் ஆறு நாள் அவர் ஆட்களை மேய்த்து வேலை வாங்கும் மண்டோர். மண்டோர் வேலை இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. பால் குறைந்தால் ஆபீசில் திட்டுவார்கள். குறையாமல் பார்த்துக்கொண்டால் லயத்தில் திட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் அவர் வேறு ஆள். மனைவி அமராவதி கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாகப் பந்து திடலில் இறங்கிவிட்டால் அவர் நடுவர். அவர் ஊதினால் பந்து நிற்கும், ஓடுகிறவன் நிற்பான், வேலி ஓரத்தில் மேய்கிற மாடும் தலை தூக்கிப் பார்க்கும். ஒருமுறை ஆபீஸ் அணிக்காக விளையாடிய மேனேஜரையே, முழங்கையால் இடித்தார் என்று வெளியே அனுப்பினார். மறுநாள் காலை அதே மேனேஜருக்கு முன்னால் கை கட்டி நின்றார் என்பது வேறு விஷயம். "நேத்து நீங்க செஞ்சது பவுல்தான் துரை" என்று அப்போதும் சொன்னதாக அவர் சொல்லிக்கொள்வார். கேட்டவர்கள் யாரும் இதுவரை அகப்படவில்லை.

அந்தப் பகுதித் தோட்டங்கள் எல்லாம் மோதுகிற கிண்ணப் போட்டி ஆண்டுக்கு ஒருமுறை எங்கள் திடலில் நடக்கும். இறுதி ஆட்டத்துக்கு ஊதுவது சின்னையாதான். தீபாவளிகூட அவருக்கு அதற்கு அடுத்தபடிதான். எண்பத்து மூன்றாம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் கோல் விழுந்ததா இல்லையா என்று பெரிய தகராறு ஆகி, திடலுக்குள் கல் வந்து விழுந்தது. ஒரு கல்லும் அவர் மேல் படவில்லை. வீட்டுக்கு வந்ததும் விசிலைக் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். அன்றிலிருந்து விசில் இரவில் தூங்குவது சாமி மேடையில்தான். வியாழக்கிழமை மாலை அமராவதி குத்துவிளக்கு, மணி, தாம்பாளம் எல்லாம் துலக்கும்போது விசிலையும் சேர்த்துத் துலக்குவாள். வெள்ளிக்கிழமை காலை அவர் திருநீறு பூசிக்கொண்டு எடுத்து மாட்டும்போது விசில் மின்னும்.

அமராவதி வீட்டுப் பித்தளைக்கு லயத்தில் நல்ல பேர். புளி போட்டுத் தேய்த்துக் கை நோவதெல்லாம் பழைய காலம். ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஆலையில் ஊற்றுகிற ஆசிட்டில் கொஞ்சம் தண்ணீர் கலந்து வைத்தால், விளக்கை அதில் ஊறப் போட்டு எடுக்கலாம், தங்கம் தோற்றுவிடும். பக்கத்து வீட்டுக் காளியம்மாவின் புருசனுக்கு ஆலையில் வேலை. மதில் இல்லாத லயத்தில் ஒரு பாட்டில் இந்த வீட்டுக்கும் வந்துவிடும்.

எண்பத்து நாலாம் ஆண்டு பிறந்து கொஞ்ச நாளில் சின்னையாவின் உதடு வெடித்தது.

முதலில் கீழ் உதட்டில் ஒரு கோடு. பிறகு வாயின் இரண்டு ஓரமும் கீறியது. தோல் உரிந்தது, உரிந்த இடம் எரிந்தது, சிரித்தால் இரத்தம் கசிந்தது. அதனால் சிரிப்பதை நிறுத்தினார். மண்டோர் ஏதோ கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்து ஆட்கள் கொஞ்சம் பயந்து வேலை செய்ததில், அந்த மாதம் பால் வரவு கூடியதாகச் சொல்வார்கள்.

உதட்டு நோய் என்றால் யாருக்கும் பயம் இல்லை, எல்லாருக்கும் வைத்தியம் தெரியும். நெய் தடவச் சொன்னார்கள், தடவினார். இரவில் அதில் எறும்பு மொய்த்தது. தேன் தடவச் சொன்னார்கள். தடவிக்கொண்டு பெரட்டில் நின்றபோது ஒரு குளவி வந்து அவரைச் சுற்றியது. மண்டோர் மரியாதையை விட்டுவிட்டு ஓடியதைத் தோட்டமே பார்த்தது. காளியம்மாதான் உறுதியாக ஒன்று சொன்னாள்.

"அண்ணே, உதட்டுல தடவி என்னா ஆவப்போவுது? தொப்புள்ள எண்ண வைங்க. ராத்திரி ரெண்டு சொட்டு. உதடு பஞ்சு மாதிரி ஆயிடும்."

"தொப்புளுக்கும் உதட்டுக்கும் என்னா சம்மந்தம் காளியம்மா?"

"அதெல்லாம் உள்ளுக்குள்ள போற ரோட்டு. நீங்க வைங்க."

சின்னையாவின் தொப்புள் ஆழமானது. இரண்டு சொட்டு அதற்கு எந்த மூலைக்கு என்று அரைக் கரண்டி ஊற்றினார். காலையில் சைக்கிள் மிதிக்கும்போது எண்ணெய் வெளியே வந்து, வெள்ளைச் சட்டையின் நடுவில் முழு நிலா மாதிரி ஒரு வட்டம் விழுந்தது. உதடு அப்படியே இருந்தது. சட்டை மட்டும் பஞ்சு மாதிரி ஆனது.

கடைசியில் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே மருந்து கட்டுகிற டிரெசர் துரைசிங்கம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தங்கக் கம்பி மூக்குக் கண்ணாடி, அதிர்ந்து பேசாத மனிதர். விளையாட்டுக் கழகத்துக்குச் செயலாளரும் அவர்தான். சின்னையாவின் வாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"மண்டோர், சொண்டு நல்லா வெடிச்சிருக்கு."

சின்னையாவின் முகம் சுருங்கியது. "ஐயா, கிளிக்குத்தான சொண்டு. எனக்கு உதடுங்க."

"ரெண்டும் ஒண்டுதான். நாக்காலை தடவுறனீரோ?"

"இல்லவே இல்லைங்கய்யா" என்று சொல்லிவிட்டு நாக்கால் தடவினார்.

டிரெசர் அதைப் பார்த்தார். "சொண்டிலை ஏதோ படுது. என்னென்ன படுது எண்டு யோசிச்சுச் சொல்லும்."

சின்னையா நன்றாக யோசித்தார். "சுருட்டுங்க. வெத்தில. தேத்தண்ணி. ஞாயித்துக்கெழம பந்து முடிஞ்சா கொஞ்சம் கள்ளு. அவ்வளவுதாங்க."

"தேத்தண்ணியை விட்டு மற்ற எல்லாத்தையும் விடும்."

விடச் சொன்னது போதாதென்று, பஞ்சில் ஊதா மருந்து தொட்டு வாயைச் சுற்றித் தடவி அனுப்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊதா வாயோடு திடலில் இறங்கினார். விளையாட வந்த பையன்கள் வரிசையில் நிற்கும்போதே குனிந்து குலுங்கினார்கள். ஒருவன் மட்டும் வாய் விட்டுக் கேட்டான்.

"மண்டோரு, நாவப்பழம் நல்ல காய்ப்பு போல?"

"சிரிக்கிறவனுக்கு மஞ்சக் கார்டு" என்றார் சின்னையா. சொன்ன வேகத்தில் உதடு பிளந்து அவருக்கே சிவப்பு வந்தது.

சுருட்டும் வெற்றிலையும் கள்ளும் இல்லாமல் அவர் கழித்த நாட்களைப் பற்றி அமராவதியைத்தான் கேட்க வேண்டும். கோழி கூவினால் கோழிக்குத் திட்டு, கூவாவிட்டால் அதற்கும் திட்டு. அதற்குள் ஒரு நல்ல சேதி வந்தது. உலு யாமில் கட்டிக் கொடுத்த மகள் சந்திரிகாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. விசிலைச் சாமி மேடையில் பத்திரமாக வைத்துவிட்டு, லீவு எழுதிக் கொடுத்து, புருசனும் மனைவியும் பஸ் ஏறினார்கள்.

உலு யாமில் அதிசயம் நடந்தது. போன இரண்டாம் நாள் எரிச்சல் நின்றது. பிறகு தோல் மூடியது. வாரம் முடிவதற்குள் உதடு கல்யாணத்தன்று இருந்ததுபோல ஆகிவிட்டது என்று அவரே கண்ணாடியில் பார்த்துச் சொல்லிக்கொண்டார். இத்தனைக்கும் மருமகன் வாங்கித் தந்த சுருட்டைப் பின்பக்கம் போய்ப் பிடித்தார். வெற்றிலை போட்டார். சம்பந்தியம்மாள் வைத்த மீன் குழம்பு மூக்கில் நீர் வருகிற காரம், அதையும் ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டார். சின்னையா கண்ணை மூடிக்கொண்டு ஒரு முடிவுக்கு வருகிற ஆள் அல்ல. ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார். சுருட்டு இல்லை, வெற்றிலை இல்லை, காரமும் இல்லை. மிச்சம் இருந்தது மலையிலிருந்து வருகிற தண்ணீர்.

"தண்ணி. எல்லாம் இந்தத் தண்ணி செய்ற வேல" என்றார் மகளிடம்.

"அப்பா, இது சும்மா பைப்புத் தண்ணிப்பா."

"ஒனக்கு என்னா தெரியும்? நீ தெனம் குடிக்கிறவ."

திரும்பும்போது தோங் என்று சொல்கிற பிளாஸ்டிக் பீப்பாய் நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டார். பேரனைத் தூக்கியதைவிட அதை மெதுவாகத் தூக்கினார். ரவாங்கில் பஸ் மாறும்போது கண்டக்டர் தோங்கைக் காலால் தட்டிப் பார்த்தான்.

"என்னா மாமா இது?"

"தண்ணி."

"எங்க போறீங்க?"

"பத்தாங் பெர்ஜுந்தை."

"ஏன், அங்க ஆறு ஓடுறத நிப்பாட்டிட்டாங்களா?"

சின்னையா தோங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பதில் சொல்லி நல்ல உதட்டை வீணாக்க அவருக்கு மனமில்லை.

வீடு வந்த மறுநாள் வியாழக்கிழமை. பூட்டிக் கிடந்த வீட்டில் பித்தளை எல்லாம் மங்கியிருந்தது. அமராவதி வழக்கத்தைவிட அதிக நேரம் ஊறப்போட்டுத் துலக்கினாள். வெள்ளிக்கிழமை காலை சின்னையா திருநீறு பூசி, ஒரு மிடறு உலு யாம் தண்ணீர் குடித்து, விசிலை எடுத்து மாட்டினார். சனிக்கிழமை உதடு வெடித்தது. தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டே அரை மணி உட்கார்ந்தார். இரவு துணியில் நனைத்து உதட்டில் கட்டிக்கொண்டு படுத்தார். குணமில்லை. பஸ்ஸில் குலுங்கியதில் தண்ணீருக்குச் சத்துப் போய்விட்டது என்று அவர் முடிவு செய்தார்.

காளியம்மா வேறு முடிவுக்கு வந்தாள். பைப்படியில் நாலு பேர் வாளியோடு நிற்கும்போது அதைச் சொன்னாள்.

"அங்க ஆறுச்சு. இங்க வந்தா வெடிக்குது. அங்க யாரு சமைச்சா? சம்மந்தியம்மா. இங்க யாரு சமைக்கிறா?"

"என்னாடி சொல்ற?" என்றாள் அமராவதி.

"நா ஒன்னும் சொல்லல லா அக்கா. ஒங்க கை கொஞ்சம் காரம். எங்க வீட்டுக்கு நீங்க குடுத்த கொழம்ப எங்கூட்டு நாயி மோந்து பாத்துட்டு ஒரு சுத்து சுத்திப் போயிருச்சு."

"எங்க கொழம்ப நாயிக்கா வச்ச?"

வாளிகள் உருண்டன. அன்று தண்ணீர் பிடிக்காமலேயே இரண்டு பேரும் நனைந்து வீட்டுக்குப் போனார்கள். என் சமையலில் ஒரு குற்றமும் இல்லை, இருந்தால் காளியம்மா காலில் விழுகிறேன் என்று பைப்படியில் எல்லார் முன்னாலும் அமராவதி சொல்லிவிட்டாள். அதை நிரூபிக்க அன்றிலிருந்து மிளகாயைத் தொடவில்லை. பூசணிக்காய்க் கூட்டு, பருப்பு, மோர்ச் சோறு. சின்னையா தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுச் சாப்பிட்டார். உதடு மட்டும் யார் பக்கமும் சாயாமல் வாராவாரம் வெடித்தது.

கிண்ணப் போட்டி அரை இறுதிக்கு வந்தபோது நிலைமை முற்றியது. ஊத வேண்டிய நேரத்தில் சின்னையா வலிக்குப் பயந்து விசிலைப் பல்லால் கடித்துக்கொண்டு ஊதினார். காற்று பாதி வெளியே போனது. ஆப்சைடில் நின்றவன் சத்தம் கேட்காமல் ஓடிப்போய்க் கோல் அடித்து, சட்டையைக் கழற்றிச் சுற்றி, கொண்டாட்டம் எல்லாம் முடிந்த பிறகுதான் கோல் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அவனைச் சமாதானம் செய்யப் பத்துப் பேர் வேண்டியிருந்தது.

டிரெசர் கூப்பிட்டு அனுப்பினார்.

"மண்டோர், பைனலுக்கு நாலு தோட்டத்துச் சனம் வரும். சத்தம் இல்லாட்டி அடிபிடிதான். சனிக்கிழமை பின்னேரம் என்ரை முன்னாலை ஊதிக் காட்டும். ஏலாதெண்டால் சுப்பிரமணியம் ஊதட்டும்."

சுப்பிரமணியம் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். ரவாங்கில் தொழிற்சாலை வேலை, மோட்டார் சைக்கிள், கையில் பெரிய கடிகாரம். கழுத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் விசில். வழக்கமாக லைன்ஸ்மேனாகக் கொடி பிடிக்கிறவன். அந்த விசிலைச் சின்னையா விசில் என்று ஒத்துக்கொண்டதே இல்லை. "சந்தையில பலூனோட சேத்துக் குடுக்கிற சாமான்" என்பார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் சோறு வேண்டாம் என்றார். அமராவதி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு வருசம் அவன்தான் ஊதட்டுமேங்க."

"வருசம் பூரா எல்லாருக்கும் பதில் சொல்றவன் அமரா நானு. அந்த ஒரு நாளு, என்னய யாரும் ஏன்னு கேக்க முடியாது. அதயும் குடுத்துட்டா எனக்கு என்னா இருக்கு?"

அமராவதி அவர் தட்டை மூடி வைத்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை. கூட்டுக்குப் பூசணிக்காய் நறுக்கும்போது அமராவதியின் விரல் நுனியில் கத்தி பட்டது. துணி சுற்றிக்கொண்டு, காயத்தில் ஆசிட் படாமல் கவனமாகப் பித்தளையைத் துலக்கினாள். எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசினாள். விசிலை இன்னொரு முறையும் அலசினாள். ஈரத் துணியை அவிழ்த்துவிட்டு, உள்ளே இருக்கிற தண்ணீர் போக விசிலை உதறினாள். ஒரு சொட்டு காயத்தின்மேல் விழுந்தது.

சுரீர் என்றது.

விசிலைத் தட்டில் வைத்துவிட்டுப் பார்த்தாள். பிறகு மூக்கின் அருகே கொண்டுபோனாள். அலசிய விளக்கில் இல்லாத வாடை விசிலின் துளையில் இருந்தது, ஆலைக்குள் நுழைந்தால் மூக்கில் ஏறுமே, அதே வாடை. நாக்கு நுனியில் லேசாக வைத்து எடுத்தாள். எடுத்த வேகத்தில் துப்பினாள். விளக்குக்கு வயிறு இல்லை, தண்ணீர் ஊற்றினால் எல்லாம் போய்விடும். விசிலுக்கு உள்ளே தக்கை இருக்கிறது. வாராவாரம் அது ஆசிட்டைக் குடித்து வைத்துக்கொண்டு, மனிதர் எச்சில் பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாக அவர் உதட்டுக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறது.

நெய், தேன், தொப்புள், ஊதா வாய், தோங் எல்லாம் வரிசையாக அமராவதியின் கண்முன் வந்தன. கடைசியாகப் பைப்படி வந்தது. அவள் சமையலில் குற்றமில்லை, அது உண்மைதான். ஆனால் இதைச் சொன்னால் காளியம்மா சமையலை விட்டுவிட்டு வேறெதற்கோ காலில் விழச் சொல்வாள். அதைவிட, மனிதரிடம் எப்படிச் சொல்வது? சாமிக்கு வைத்த விசிலால் வந்தது என்றா, பெண்டாட்டி துலக்கியதால் வந்தது என்றா?

சத்தமில்லாமல் சரி செய்துவிடலாம் என்று முடிவு செய்தாள். அடுப்பில் தண்ணீர் வைத்து, ஆப்பத்துக்கு வைத்திருந்த சோடா உப்பைப் போட்டு, விசிலை உள்ளே இறக்கினாள். அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. முட்டை வேகிற நேரம் போதும் என்றிருந்திருக்கலாம். கிழங்கு வேகிற நேரம் வைத்தாள். எடுத்துத் துடைத்து ஆட்டிப் பார்த்தபோது கடகட என்ற சத்தம் வரவில்லை. அழுக்குப் போனதால் அமைதியாகிவிட்டது என்று நினைத்துச் சாமி மேடையில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பெரட்டுக் களத்தில் சின்னையா மூச்சை இழுத்து ஊதினார்.

'பூ' என்றது விசில்.

இன்னொரு முறை ஊதினார். காலிப் பாட்டில் வாயில் ஊதினால் வருமே, அந்தச் சத்தம். வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"மண்டோரு," என்று பின்வரிசையில் ஒரு குரல், "விசிலுக்கும் உதடு வெடிச்சிருச்சா?"

கொண்டை ஊசியை உள்ளே விட்டுக் கிளறியதில் கறுப்பாக நாலு துணுக்கு வந்து விழுந்தது. அதுதான் துரை கொடுத்த தக்கை. சின்னையா அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அமராவதியிடம் நீட்டினார்.

"வயசாயிருச்சுங்க அதுக்கும்" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

"நாளைக்கு டிரெசருகிட்ட என்னாத்த ஊதுவேன்?"

அவள் அடுப்படிக்குப் போனாள். பிறகு டின்னைத் திறந்து காய்ந்த பட்டாணியைத் தட்டில் கொட்டி, இருப்பதிலேயே சிறிய ஒன்றைப் பொறுக்கி எடுத்தாள். "இதப் போட்டுப் பாருங்களேன்."

துளையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தியதும் பட்டாணி உள்ளே போனது. 'பிர்ர்ர்' என்றது. முந்தியதைவிடக் கொஞ்சம் முரட்டுக் குரல், ஆனால் குரல். சனிக்கிழமை பின்னேரம் டிரெசர் வீட்டு வாசலில் ஊதினார். டிரெசரின் பூனை கூரைக்கு ஏறியது. "காணும், காணும். நீரே ஊதும்" என்றார் டிரெசர், காதைத் தேய்த்துக்கொண்டு. அன்று இரவு தோங்கில் மிச்சமிருந்த கடைசி உலு யாம் தண்ணீரைச் சின்னையா பக்தியோடு உதட்டில் தடவிக்கொண்டு படுத்தார்.

இறுதி ஆட்டத்துக்கு லோரி லோரியாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். சின்னையா கஞ்சிச் சட்டையில் இறங்கினார். முதல் பாதி முழுக்க விசில் கம்பீரமாகப் பேசியது. ஆனால் பட்டாணி தக்கை அல்ல. ஈரம் பட்டால் அது ஊறும். ஊறினால் பருக்கும். அமராவதிக்கு அது தெரியாததல்ல, பதற்றத்தில் தோன்றவில்லை. இரண்டாம் பாதியில் விசில் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மியது. ஆட்டம் முடியப்போகிற நேரம், இரண்டு பக்கமும் சமம். கோலுக்கு முன்னால் பந்தோடு போனவனை ஒருவன் பின்னாலிருந்து இடறிவிட்டான். விழுந்தவன் புழுதியில் உருண்டான். பெனால்ட்டி. சின்னையா கன்னம் உப்ப ஊதினார்.

விசில் 'பூ' என்றுகூடச் சொல்லவில்லை.

பந்து இன்னும் ஓடியது. தடுத்த அணிக்காரன் அதை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பறந்தான். சின்னையா இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே ஓடினார். வேலிப் பக்கம் கூச்சல். கல் பொறுக்கக் குனிகிறவர்கள் தெரிந்தார்கள். சுப்பிரமணியம் கொடியைத் தூக்கிப் பிடித்தபடி கோட்டை விட்டு உள்ளே ஓடி வந்தான். வரும்போதே கழுத்துக் கயிற்றைக் கழற்றினான்.

"அண்ணே, இந்தாங்க."

"இது பலூன் சாமான்டா."

"பலூன் சாமான்தான். ஊதுங்கண்ணே, கல்லு வருது!"

சின்னையா அதை வாங்கிச் சட்டையில் துடைத்துவிட்டு ஊதினார். கீச்சென்று கிளம்பிய சத்தத்தில் திடலே உறைந்தது. ஓடியவன் பந்தின் மேல் காலை வைத்துக்கொண்டு சிலையாக நின்றான். சின்னையா நிதானமாக நடந்து போய்ப் பெனால்ட்டிப் புள்ளியைக் காட்டினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கிண்ணம் கொடுத்து முடிந்து, லோரிகள் புறப்பட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. உதட்டைத் தொட்டுப் பார்த்தார். நாக்கால் தடவிப் பார்த்தார். எரியவில்லை.

"சுப்ரமணி, எரியல டா."

"என்னாண்ணே எரியல?"

"உலு யாம் தண்ணிடா! மொத மொறயும் கேக்க ரெண்டு நாளாச்சு. பஸ்ஸுல குலுங்கிச் சத்துப் போச்சுன்னு நான்தான் பொறுமை இல்லாம பேசிட்டேன்."

பிளாஸ்டிக் விசிலைச் சுப்பிரமணியம் திருப்பிக் கேட்கவில்லை. அவன் வேறொன்று வாங்கிக்கொண்டான். சின்னையாவிடம் தங்கிய விசில் அடுத்த ஆண்டுக்குள் ஒரு கதை பெற்றுவிட்டது: இறுதி ஆட்டத்தின் நடுவில், கூடியிருந்த மக்கள் முன்னால், எதிராளியே கண் கலங்கிக் கழற்றிக் கொடுத்த விசில். நாய் இன்னும் வரவில்லை. பித்தளை விசில் சாமி மேடையிலேயே தங்கிவிட்டது. உதடு பிறகு வெடிக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை காளியம்மா ஆசிட் பாட்டிலோடு எட்டிப் பார்த்தபோது, அமராவதி புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "என்னாக்கா, பழைய காலத்துக்குப் போயிட்டீங்க?" என்று கேட்டாள் காளியம்மா. அமராவதி சமாளித்துப் பார்த்தாள். பொய் அவளுக்கு வராது. எல்லாவற்றையும் சொன்னாள். காளியம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். காலில் எல்லாம் விழ வேண்டாம், மீன் குழம்பு கொஞ்சம் கொடுத்தால் போதும் என்றாள். இந்த முறை நாய்க்கு வைக்கவில்லை.

மறுநாள் பைப்படிக்குத் தெரிந்தது. அதன் மறுநாள் டிரெசருக்கும் தெரிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நானும் சொண்டிலை என்ன படுது எண்டு கேட்டனான். அந்தாள் விசிலைச் சொல்லேல்லை" என்று மட்டும் சொன்னார். தோட்டத்தில் இது தெரியாதவர் ஒருவர்தான். மாதம் ஒருமுறை தோங்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவரிடம் யார் போய்ச் சொல்வது? தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் பேரனைப் பார்க்கிறார். அப்பா முன்பு வருசத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம் என்று சந்திரிகாவே சொல்கிறாள்.

காளியம்மா மட்டும் சும்மா இருப்பதில்லை. போன வாரம் அவர் தோங்கோடு இறங்கி வரும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"அண்ணே, எனக்குக் குதிகாலு வெடிச்சிருக்கு. ஒரு போத்தல் குடுங்களேன்."

சின்னையா தோங்கை இறக்கி வைத்துவிட்டு அவள் காலைப் பார்த்தார். பிறகு டிரெசர் மாதிரித் தலையை ஆட்டினார்.

"காலுக்கெல்லாம் கேக்காது காளியம்மா. இது உதட்டுக்கு மட்டும் உள்ள தண்ணி. நீ தொப்புள்ள எண்ண வய்யி."

உள்ளே புளி போட்டுப் பித்தளை தேய்த்துக்கொண்டிருந்த அமராவதி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், பிறகு வளையல் சத்தம் முன்னைவிட வேகமாகக் கேட்டது.